சட்டைப் பையில் ஒரு சரித்திரம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாஷிங் மெஷினிலிருந்து துணிகளை எடுத்து, உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளைச் சட்டையை விரித்ததும் பகீரென்றது. பாக்கெட்டுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு நீலக் கறை! கையை விட்டுப் பார்த்தால், உள்ளே மூடி கழன்ற ஒரு பால்பாயின்ட் பேனா. முக்கால் மணி நேரம் சோப்புத் தண்ணீரில் புரண்டு குளித்துவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி படுத்திருந்தது.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. சட்டையைப் பார்த்து அவர் பதறவில்லை. ‘‘இதுக்குப் போய் ஏண்டா முழிக்கிறே? எலுமிச்சம்பழம் ஒண்ணு, கல் உப்பு கொஞ்சம் கொண்டா’’ என்றார். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். முப்பது வருஷம் அவர் சட்டைப் பையில் இருந்த பேனாக்களில் ஒழுகாத பேனா என்று ஒன்று கிடையாது. அத்தனை கறைகளையும் எலுமிச்சையும் உப்பும் வைத்தே ஜெயித்தவர் அம்மா.

அன்றைக்கு மட்டும் நடக்கவில்லை. மூன்று பழம் தீர்ந்தது. வெயிலில் காயவைத்து, மறுபடி நனைத்து, மறுபடி தேய்த்து... ஊஹூம்! நீலம் அசையவே இல்லை. கடைசியில் சட்டையைக் கீழே வைத்துவிட்டு, ‘‘என் கை போயிடுச்சுடா’’ என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால், அந்தச் சிரிப்பு எனக்கு என்னவோ போலிருந்தது.

போனது அம்மாவின் கையா? இல்லை, கறையிலேயே ஏதாவது மாறிவிட்டதா? இதைத் தெரிந்துகொள்ளத்தான் புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன். புரட்டப் புரட்ட, ஒரு மைக்கறைக்குப் பின்னால் ரோமாபுரிச் சக்கரவர்த்தியிலிருந்து நம்ம ஊர்க் கடுக்காய் வரை எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று தெரிந்து அசந்துபோனேன். வாருங்கள், கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்!

முதலில் ஒரு சின்ன உண்மை. காகிதமும் பருத்திச் சட்டையும் அடிப்படையில் ஒரே பொருள். இரண்டுமே செல்லுலோஸ். ஐரோப்பாவில் 19-ம் நூற்றாண்டு வரை காகிதத்தையே பழைய கந்தல் துணியைக் கூழாக்கித்தான் தயாரித்தார்கள். ஆக, மைக்குக் காகிதம் எது, சட்டை எது என்று வித்தியாசம் தெரியாது. ‘எங்கே வைத்தாலும் அழியாமல் ஒட்டிக்கொள்’ என்று சொல்லி மனிதன் படைத்த பொருள் அது. சட்டையில் கறை விழுந்தால் மை தப்பு செய்துவிட்டது என்று அர்த்தமில்லை. தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டது, அவ்வளவுதான்!

ஆனால், ஆதிகால மை அப்படி இல்லை. எகிப்திலும் சீனாவிலும் இந்தியாவிலும் முதலில் எழுதியது விளக்குப் புகைக்கரியை வைத்துத்தான். கரித்தூளோடு பிசினைக் கலந்து குழைத்தால் மை ரெடி. நல்ல கறுப்பு. நூறு வருஷம் ஆனாலும் நிறம் மங்காது. ஒரே பிரச்னை... பாப்பிரஸ் தாளின் மேலே அது சும்மா உட்கார்ந்திருக்கும். ஈரப் பஞ்சால் ஒரு துடை துடைத்தால் போச்சு!

ரோமாபுரி எழுத்தர்கள் தப்பாக எழுதியதை அழிக்கக் கடற்பஞ்சு வைத்திருந்தார்கள். பைத்தியக்காரச் சக்கரவர்த்தி என்று பெயரெடுத்த காலிகுலா, இன்றைய பிரான்ஸின் லியோன் நகரில் ஒரு பேச்சுப் போட்டி நடத்தினார். மோசமாகத் தோற்றவர்கள் தாங்கள் எழுதியதைப் பஞ்சால் துடைக்க வேண்டும், அல்லது நாக்கால் நக்கி அழிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார் என எழுதிவைத்திருக்கிறார் சூட்டோனியஸ். சக்கரவர்த்தியின் குரூரத்தை விடுங்கள். நாக்கால் நக்கினாலே போய்விடுகிற மை அது என்பதைக் கவனியுங்கள்!

நக்கினால் போகும் மையை வைத்துக்கொண்டு கடன் பத்திரம் எழுத முடியுமா? சொத்தை விற்க முடியுமா? தாளின் மேலே உட்காராமல், தாளைக் கடித்துக்கொண்டு நிற்கிற ஒரு மை தேவைப்பட்டது.

அது எங்கே கிடைத்தது தெரியுமா? நாட்டு மருந்துக் கடையில்!

உங்கள் பாட்டி கைக்குழந்தைக்கு உரைமருந்து கொடுத்திருந்தால், மாசிக்காய் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். பெயர்தான் காய். உண்மையில் அது காயே அல்ல. ஓக் மரத்தின் கிளையில் ஒரு சின்னக் குளவி முட்டையிடும். அந்த இடத்தில் மரம் புடைத்துக்கொண்டு உருண்டையாக வளரும். அந்தப் புடைப்புதான் மாசிக்காய். அதில் துவர்ப்பு, அதாவது டானின், ஏராளம். மாசிக்காய்க் கஷாயத்தில் அன்னபேதியைப் போடுங்கள். அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. இரண்டும் சேர்ந்தால் கன்னங்கரேல் என்று ஒரு நிறம் பிறக்கும்.

இந்த வித்தை கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய அறிஞர் பிளினிக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால், அவர் அதை வைத்து எழுதவில்லை, கலப்படம் கண்டுபிடித்தார். செம்புப் பச்சைச் சாயத்தில் மலிவான இரும்பு உப்பைக் கலந்து ஏமாற்றுவார்களாம். மாசிக்காய் நீரில் ஊறிய பாப்பிரஸ் துண்டில் அதைத் தடவினால், கலப்படம் இருந்தால் தாள் கறுத்துவிடும். பிறகு அதுவே மையாகி, ஆயிரம் வருஷத்துக்கும் மேல் ஐரோப்பாவை ஆண்டது. லியனார்டோ டாவின்சியின் நோட்டுப் புத்தகங்கள், பாக் எழுதிய இசைக் குறிப்புகள் எல்லாம் இந்த இரும்பு மையில் எழுதப்பட்டவைதான்.

இந்த மையின் சாமர்த்தியமே அது எழுதும்போது வெளிறி இருப்பதுதான். அந்த நிலையில் தண்ணீரில் கரையும். தாளின் இழைக்குள் ஊறிப் போகும். பிறகு காற்று பட்டதும் உள்ளே இருக்கும் இரும்பு மாற்றமடைந்து, கரையவே கரையாத கறுப்பாக இறுகிவிடும். உள்ளே போகும்வரை பூனை, போன பிறகு புலி! இனி பஞ்சு வந்தாலும் நாக்கு வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இதே வித்தையைத் துணியில் வேண்டுமென்றே செய்தவர்கள் யார் தெரியுமா? நம் சோழமண்டலக் கடற்கரைக்காரர்கள். கலம்காரித் துணிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கறுப்புக் கோடுகள் எப்படி வருகின்றன? முதலில் துணியைக் கடுக்காய் நீரிலும் எருமைப் பாலிலும் நனைத்துக் காயவைப்பார்கள். கடுக்காயில் துவர்ப்பு இருக்கிறது. பழைய இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்கவைத்து, அந்தத் தண்ணீரைத் தொட்டு மூங்கில் எழுதுகோலால் கோடு இழுப்பார்கள். இரும்பும் துவர்ப்பும் சந்திக்கும் இடத்தில் கறுப்பு. பாலில் உள்ள கொழுப்பு, கோடு பரவாமல் பிடித்துக்கொள்ளும்.

ஐரோப்பியப் பெண்கள் இந்தத் துணிகளுக்குப் பைத்தியமாக அலைந்தார்கள். காரணம், அழகு மட்டுமல்ல. துவைத்தாலும் சாயம் போகாது! அந்த ரகசியத்தை அறிய பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒரே ஆசை. தமிழகக் கடற்கரையில் வேலை பார்த்த கேர்தோ என்ற யேசு சபைப் பாதிரியார், சாயத் தொழிலாளர்களிடம் விசாரித்து, ஒவ்வொரு படியையும் 1742-ல் ஒரு நீண்ட கடிதமாக எழுதி ஊருக்கு அனுப்பினார். இன்றைய பாஷையில் சொன்னால், தொழில் உளவு!

அதாவது, கலம்காரிக் கோடும் அப்பா சட்டைக் கறையும் ரசாயனத்தில் அண்ணன் தம்பி. ஒன்றை விலை கொடுத்து வாங்குகிறோம், இன்னொன்றைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறோம். இன்னொரு ஒற்றுமையும் உண்டு. இந்த இரும்புக் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக இழையைத் தின்றுவிடும். அருங்காட்சியகங்களில் உள்ள பழைய துணிகளில் மற்ற நிறங்கள் நன்றாக இருக்க, கறுப்புக் கோடு இருந்த இடம் மட்டும் இற்றுப்போயிருப்பதைப் பார்க்கலாம். பாக்கின் கையெழுத்துப் பிரதிகளிலும் இதே அரிப்புதான்.

சரி, இந்தக் கறையை எப்படி எடுத்தார்கள்? கறை எடுப்பதற்கென்றே ஒரு சின்னப் புத்தகம் 1532-ல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் அச்சாகியிருக்கிறது. துணி, வெல்வெட், பட்டு என்று வகைவாரியாக வைத்தியம். அச்சுத் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்ட கூட்டன்பர்க்கின் ஊரும் அதே மைன்ஸ்தான். உலகத்துக்கு மையைப் பூசிய ஊரே, கறையைப் போக்கும் புத்தகத்தையும் போட்டது!

பல நூற்றாண்டுகள் வீட்டுப் பெண்களின் ஆயுதம் பாலும் புளிப்பும்தான். எலுமிச்சை ஏன் வேலை செய்கிறது? அதிலுள்ள சிட்ரிக் அமிலம் இரும்பைக் கவ்விப் பிடித்து, கரையும் பொருளாக மாற்றிவிடும். இரும்பு போனால் கறுப்பும் போச்சு. எலுமிச்சையைவிடப் பலமடங்கு கெட்டிக்கார அமிலம் ஒன்று நம் வரப்போரத்துப் புளியாரைக் கீரையில் இருக்கிறது. அதன் பெயர் ஆக்ஸாலிக் அமிலம். ஸ்வீடன் நாட்டு மருந்துக் கடைக்காரர் ஷீலே, 1776-ல் இதைச் சர்க்கரையிலிருந்தே தயாரித்துக் காட்டினார். அதன் பிறகு மைக்கறைக்கு இதுதான் ராஜ வைத்தியம்.

ஆனால், இந்த ராஜா ஆளைக் கொல்லும் ராஜா. ஆக்ஸாலிக் உப்பை இங்கிலாந்துக் கடைகளில் ‘எலுமிச்சை உப்பு’ என்று சாதுவான பெயரில் விற்றார்கள். எலுமிச்சைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆக்ஸாலிக் அமிலமோ பார்ப்பதற்கு அப்படியே பேதி உப்பு போல வெள்ளைப் படிகம். 19-ம் நூற்றாண்டில் பேதி உப்பு என்று நினைத்து இதைக் கரைத்துக் குடித்துச் செத்தவர்களின் கதைகள் பழைய மருத்துவ நூல்களில் வரிசையாக இருக்கின்றன. ஒரு கறைக்காக அலமாரியில் வைத்த பொட்டலம், ஓர் உயிரைக் கொண்டுபோய்விட்டது.

அதே ஷீலே 1774-ல் இன்னொரு பூதத்தையும் கிளப்பிவிட்டிருந்தார். அது குளோரின். பிரான்ஸின் பெர்த்தோலே, அதற்கு நிறத்தை உறிஞ்சி வெளுக்கும் குணம் இருப்பதை 1785-ல் எடுத்துச் சொன்னார். 1799-ல் ஸ்காட்லாந்துக்காரர் டென்னன்ட் அதைச் சுண்ணாம்போடு சேர்த்து, பிளீச்சிங் பவுடருக்கு உரிமம் வாங்கினார். மாதக்கணக்கில் புல்வெளியில் விரித்து வெயிலில் வெளுத்த துணிகள், சில மணி நேரத்தில் வெளுத்தன.

சலவைக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். அவர்களைவிட அதிகம் சந்தோஷப்பட்டவர்கள் மோசடிக்காரர்கள்! காகிதமும் துணியும் ஒன்று என்று சொன்னேன், இல்லையா? சட்டையில் மையைப் போக்கும் மருந்து, பத்திரத்திலும் போக்கும். பிரான்ஸில் பழைய முத்திரைத்தாள்களை இப்படிக் கழுவி, எழுத்தை நீக்கி, புதுசு போல விற்றார்கள். அரசாங்க கஜானாவுக்கே ஓட்டை. பயந்துபோன அரசு அறிவியல் அகாடமியிடம் ஓடியது. 1831-ல் அகாடமியின் குழு ஆராய்ந்து சொன்ன யோசனை என்ன தெரியுமா? ‘பேசாமல் சீன மையால் எழுதுங்கள்.’ அதாவது, காலிகுலா காலத்துக் கரி! கரியை எந்த அமிலமும் குளோரினும் ஒன்றும் செய்யாது. நக்கினால் போகாமலிருக்க, அதில் கொஞ்சம் அமிலம் சேர்த்துத் தாளுக்குள் இறங்க வைத்தால் போதும் என்பது கணக்கு.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். சலவையில் போகக் கூடாத மையைத் தேடியவர்களில் சலவைக்காரர்களும் உண்டு! நூறு வீட்டுத் துணி ஒன்றாக வெள்ளாவியில் வேகும்போது, யார் துணி எது என்று தெரிய வேண்டாமா? ஐரோப்பாவில் இதற்கு வெள்ளி நைட்ரேட் மையால் துணி மூலையில் குறி போட்டார்கள். நம் ஊரில் சேங்கொட்டை. அந்தக் கொட்டையின் பாலை ஊசியால் தொட்டு, காலரின் உள்பக்கம் ஒரு குறி வைப்பார்கள். அதன் மேல் சுண்ணாம்பு பட்டால் அழியாத கறுப்பு. சட்டை கிழிந்தாலும் குறி போகாது. எழுதப்படிக்கத் தெரியாதவர் என்று ஊர் நினைத்த சலவைத் தொழிலாளி, புள்ளியும் கோடுமாகத் தனக்கென்று ஓர் எழுத்து முறையையே வைத்திருந்தார். அநாதைப் பிணம் கிடைத்தால் போலீஸ்காரர்கள் முதலில் சட்டைக் காலரைப் புரட்டிப் பார்த்தது இதற்காகத்தான்.

இரண்டாம் உலகப் போரில் இந்தியாவுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு இந்தக் குறி வேறு விதத்தில் அறிமுகமானது. பிடரியில் அரிப்பு, கொப்புளம்! என்ன வியாதி என்று மண்டையைக் குழப்பிக்கொண்ட ராணுவ டாக்டர்கள், கடைசியில் சட்டையின் சலவைக் குறிதான் குற்றவாளி என்று கண்டுபிடித்து 1943-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். சேங்கொட்டைப் பால் தோலுக்கு ஆகாது. அத்தனை முறை துவைத்த பிறகும் அது துணியில் உயிரோடு இருந்திருக்கிறது!

ஐரோப்பியச் சலவைக்காரரின் வெள்ளி நைட்ரேட் என்ன ஆயிற்று? அது உங்கள் இடது கை ஆள்காட்டி விரலுக்கு வந்துவிட்டது. ஆமாம், தேர்தல் மை! 1962 பொதுத் தேர்தலில் இருந்து இந்த மையை மைசூரில் உள்ள கர்நாடக அரசின் பெயின்ட் தொழிற்சாலைதான் தயாரிக்கிறது. மைசூர் மகாராஜா 1937-ல் தொடங்கிய ஆலை அது. தோலில் உள்ள உப்போடு வெள்ளி சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கறுத்துவிடும். சோப்பு ஒன்றும் செய்யாது. நகம் வளர்ந்துதான் போக வேண்டும். துணிக்குச் சொந்தக்காரர் யார் என்று சொன்ன மை, இன்று நாட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்று சொல்கிறது!

இப்போது அம்மாவிடம் வருவோம். அப்பா போட்டது புளூ-பிளாக் இங்க். இந்தியத் தர நிர்ணயத்தில் பேனா மைக்கென்றே ஒரு விதி உண்டு. ஐ.எஸ். 220 என்று எண். அந்த விதி சொல்லும் மையே இரும்பும் டானினும் கலந்த மைதான், 0.1 சதவிகிதம் இரும்பு. அதே மாசிக்காய்க் குடும்பம்! எழுதும்போது கண்ணுக்குத் தெரிவதற்காக நீலச் சாயம், பிறகு மெதுவாகக் கறுக்கும் இரும்பு. புளூ-பிளாக் என்ற பெயரே அதனால்தான்.

வெறும் சோப்புப் போட்டுத் துவைத்தால் என்ன ஆகும்? நீலச் சாயம் போய்விடும். சோப்பின் காரம் இரும்பை இன்னும் வேகமாக இறுகச் செய்யும். ‘துவைச்சும் போகலையே’ என்று நாம் புலம்பும் கறை, பல சமயம் துவைத்ததால்தான் போகாமல் நிற்கிறது! பிளீச் போட்டால் கறுப்பு மறையும், ஆனால் இரும்பு துருவாகத் தங்கிப் பழுப்புத் திட்டு விழும். அம்மாவோ சோப்பைத் தொடுவதற்கு முன்னால் எலுமிச்சையும் உப்பும் வைத்தார். இரும்பைக் கரைத்து வெளியேற்றிவிட்டு, பிறகு துவைத்தார். ரசாயனம் படிக்காத அம்மா செய்தது கச்சிதமான ரசாயனம்.

பிறகு வந்தான் வில்லன். ஹங்கேரியில் பத்திரிகையாளராக இருந்தவர் லாஸ்லோ பீரோ. இங்க் பேனா ஒழுகி ஒழுகி அவருக்கு அலுத்துப்போயிருந்தது. அச்சகத்தில் பார்த்தால், செய்தித்தாள் மை மட்டும் சட்டென்று காய்கிறது, இழுகுவதில்லை. அச்சு மை தண்ணீரில் கரைத்த மை அல்ல. கூட்டன்பர்க் காலத்திலிருந்தே அது எண்ணெய்ப் பசை. அந்த மாதிரிப் பசையைப் பேனாவில் ஊற்றினால்? நிப் வழியாக இறங்காது. அதனால் முனையில் ஒரு குட்டி உருண்டையை வைத்தார். வேதியியல் தெரிந்த அவருடைய அண்ணன் ஜார்ஜ் மைக்கு உதவினார். 1938-ல் உரிமம். பிறகு யூதர் என்பதால் ஊரைவிட்டு ஓடி, அர்ஜென்டினாவில் 1943-ல் மேம்பட்ட பேனாவுக்கு மறுபடி உரிமம்.

1945 அக்டோபர் 29 அன்று நியூயார்க்கின் கிம்பெல்ஸ் கடையில், மில்டன் ரெனால்ட்ஸ் என்ற வியாபாரி பால்பாயின்ட் பேனாவை விற்பனைக்கு வைத்தார். விலை 12.50 டாலர். அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை. இருந்தாலும் கூட்டம் முட்டி மோதியது. ‘தண்ணீருக்கடியிலும் எழுதும்’ என்று விளம்பரம். எழுதியதோ இல்லையோ, சட்டைப் பையில் நன்றாக ஒழுகியது! வாங்கியவர்கள் திட்டித் தீர்த்தார்கள். 1947-ல் ஹர்லி ஸ்மித் என்ற அமெரிக்க இன்ஜினீயர், சட்டைப் பைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறைக்கு உரிமமே வாங்கினார். பேனாவிடமிருந்து பாக்கெட்டைக் காப்பாற்ற ஒரு கவசம்!

1949-ல் பேப்பர்மேட் பேனாவைக் கொண்டுவந்த பாட்ரிக் ஃப்ராலியின் சேல்ஸ்மேன்கள், கடை முதலாளிகளின் அறைக்குள் நுழைந்து, அவர்கள் போட்டிருக்கும் சட்டையிலேயே கிறுக்கிவிடுவார்களாம். ‘கறை போகவில்லையென்றால் இதைவிட ஒசத்தியான சட்டை வாங்கித் தருகிறோம்’ என்று சவால். பேனாக் கதை சொல்பவர்கள் இதை ரசித்துச் சொல்வார்கள். பேனாவின் பெருமையை எழுத்தில் காட்டாமல் சலவையில் காட்ட வேண்டியிருந்தது என்றால், கறை பயம் எந்த அளவுக்கு இருந்திருக்கும், பாருங்கள்!

பால்பாயின்ட் மையில் இரும்பு கிடையாது. சாயமும் பிசினும் பசை போன்ற கரைப்பானில் குழைந்த கலவை அது. எலுமிச்சை எதைப் பிடித்து இழுக்கும்? அங்கே இரும்பே இல்லையே! தண்ணீரிலும் அது கரையாது. அதற்குச் சாராய வகைதான் மருந்து. மேல்நாட்டில் ஹேர் ஸ்பிரே அடித்து மைக்கறையை எடுத்தார்களே, அதன் ரகசியம் ஸ்பிரேயிலிருந்த ஆல்கஹால். இப்போது பல ஸ்பிரேக்களில் ஆல்கஹாலைக் குறைத்துவிட்டார்கள். அதனால் அமெரிக்கப் பாட்டிகளும் ‘என் கை போயிடுச்சு’ என்று சொல்லிக்கொண்டிருக்கக் கூடும்!

கடைசியாக ஜெல் பேனா. 1984-ல் ஜப்பானின் சகுரா நிறுவனம் அறிமுகப்படுத்தியது. பல ஜெல் மைகளில், குறிப்பாகக் கறுப்பில், கரையும் சாயம் கிடையாது. கரையாத நுண்துகள்தான் நிறம். துகள் இழைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் ஆல்கஹாலுக்கும் அசையாது, அமிலத்துக்கும் அசையாது. ஆக, சுற்றிச் சுற்றி மறுபடி கரி மைக்கே வந்துவிட்டோம்! செக்கைத் திருடி, மையைக் கழுவி, தொகையை மாற்றும் மோசடி அமெரிக்காவில் இன்றும் உண்டு. செக் எழுத ஜெல் பேனாவைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். பத்திரத்துக்குப் பாதுகாப்பு, சட்டைக்கு ஆபத்து!

எனவே, துவைத்த துணியில் மைக்கறையைப் பார்த்தால் ‘எதைப் போடலாம்?’ என்று கேட்காதீர்கள். ‘இது எந்த மை?’ என்று கேளுங்கள். அதற்கு முன் ஒரு விஷயம். கறை போகும்வரை அயர்ன் பாக்ஸ் பக்கம் போகாதீர்கள். சூடு பட்டால் கறை நிரந்தரக் குடித்தனம் வந்துவிடும்.

பால்பாயின்ட் என்றால், கறைக்கு அடியில் ஒரு பழைய துண்டை வையுங்கள். 2020-க்குப் பிறகு எல்லார் வீட்டிலும் ஒரு சானிடைசர் பாட்டில் தூங்குகிறதே, அதை எடுங்கள். அதில் பாதிக்கு மேல் ஆல்கஹால்தான். தீப்பிடிக்கும் சரக்கு, அடுப்புப் பக்கம் வேண்டாம். முதலில் துணியின் மறைவான மூலையில் வைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டு, பஞ்சில் தொட்டு ஒற்றுங்கள். தேய்த்தால் பரவும். நீலம் கீழே உள்ள துண்டுக்கு இறங்கும். துண்டை நகர்த்தி நகர்த்தி, பல முறை ஒற்ற வேண்டும். பிறகு துவைக்கலாம்.

பழுப்பாகிப்போன பழைய இங்க் கறை என்றால் அம்மாவின் எலுமிச்சையும் உப்பும் போதும். எக்காரணம் கொண்டும் பிளீச்சையும் எலுமிச்சையையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். ஷீலேயின் பூதம், அதான் குளோரின் வாயு, உங்கள் பாத்ரூமிலேயே கிளம்பிவிடும்! ஜெல் என்றால், காய்வதற்கு முன்பே சோப்பு நீரில் கழுவினால் ஓரளவு போகும். காய்ந்து, மெஷினிலும் ஒரு சுற்று சுற்றிவிட்டால், சட்டையை வீட்டில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

என் சட்டை? நாற்பது நிமிஷம் ஒற்றினேன். நீலம் முக்கால்வாசி இறங்கிவிட்டது. உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு நிழல் பாக்கி. அம்மாவிடம் காட்டி, ‘‘உன் கை எங்கேயும் போகலைம்மா. அப்பா பேனாவுல இரும்பு இருந்துச்சு. இதுல இல்லை’’ என்று மேலே சொன்னதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

‘‘அப்போ எலுமிச்சை இரும்புக்குத்தான் கேக்கும்கறே?’’

‘‘ஆமாம்.’’

எழுந்து போனார். பீரோவிலிருந்து ஒரு பழைய வெள்ளை ரவிக்கையைக் கொண்டுவந்தார். ஊக்கு துருப்பிடித்து, தோள்பட்டையில் பழுப்பாக ஒரு கறை. எலுமிச்சம்பழத்தை நறுக்கி, உப்பைத் தொட்டு, வெயிலில் வைத்தார். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால், கறை இருந்த இடமே தெரியவில்லை!

ரவிக்கையை என் முன்னால் விரித்துப் பிடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.